தாளைத் திருப்பினால்

அன்புள்ள ஐயா,

பழைய சீனக் குறி நூலான ஐ சிங்கின் 64 ஆறுகோட்டு உருவங்களும் பைனரி (0, 1 மட்டுமே கொண்ட) எண்களே, ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் அங்கிருந்துதான் பைனரியை எடுத்தார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நூலின் வரிசையை, உடைந்த கோட்டுக்கு 0, முழுக்கோட்டுக்கு 1 என்று எழுதிப் பார்த்தேன். எண்கள் தாறுமாறாக வருகின்றன. இதில் கணக்கு என்று ஏதாவது உண்டா?

மு.

அன்புள்ள மு.,

எழுதிப் பார்த்தீர்களே, பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. காணொளிக்காரர் இரண்டு வரிசைகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். பீக்கிங்கிலிருந்த ஏசு சபைத் துறவி பூவே லைப்னிட்ஸுக்கு அனுப்பியது, 11ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஷாவ் யோங்கின் வரிசை. அதில்தான் எண்கள் 0 முதல் 63 வரை ஒழுங்காக ஓடும். அது லைப்னிட்ஸ் கைக்கு வந்தது 1703இல். பைனரி பற்றி அவர் 1679லேயே எழுதிவிட்டார்.

நீங்கள் பார்த்தது பண்டைய சீன மன்னர் வென் பெயரில் வழங்கும் பழைய வரிசை. அங்கே எண்ணைத் தேடாதீர்கள், தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். 3ஆம் உருவத்தைக் கவிழ்த்தால் 4. ஐந்தைக் கவிழ்த்தால் 6. இப்படி 28 ஜோடிகள். கவிழ்த்தாலும் மாறாத உருவங்கள் எட்டு உண்டு. ஆறும் முழுக்கோடான 1, ஆறும் உடைந்த கோடான 2 போல. அவற்றுக்கு மட்டும் வேறு விதி: முழுக்கோடு உடையும், உடைந்தது சேரும். சீன உரையாசிரியர் கோங் யிங்தா ஏழாம் நூற்றாண்டிலேயே தம் உரையில் இதைச் சொல்லிவிட்டார். முழுக்கோடும் உடைந்ததும் மாறி மாறி வரும் கடைசி ஜோடியில், 63க்கும் 64க்கும், இரண்டு விதியும் ஒரே விடையைத்தான் தருகின்றன.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நூலின் முதல் பாகத்தில் 30 உருவங்கள், இரண்டாவதில் 34. ஏன் 32, 32 என்று பிரிக்கவில்லை? கவிழ்த்தால் ஒன்றாகிவிடும் இரண்டையும் ஒரே உருவமாக எண்ணிப் பாருங்கள். முதல் பாகத்தில் மாறாதவை 6. மற்ற 24, பன்னிரண்டாகச் சுருங்கும். மொத்தம் 18. இரண்டாம் பாகத்தில் மாறாதவை 2. மற்ற 32, பதினாறாகும். அங்கும் 18! தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஜோடிகள் ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன என்பதற்கு நூலோடு வரும் பழைய உரை ஒன்று, பெயர்களைக் கதைபோலக் கோத்து விளக்கம் தருகிறது. பிறகு கட்டிய காரணம் என்றே எனக்குப் படுகிறது. 1973இல் சீனாவின் மாவாங்துயியில், கி.மு. 168இல் மூடிய கல்லறையிலிருந்து இதே நூலின் பட்டுப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் மேல் மூன்று கோடுகளை வைத்து எட்டெட்டாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் 3உம் 4உம் அங்கே வேறு வேறு கூட்டத்தில் இருக்கின்றன.