5 அடி 3 அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடியது எப்படி?

உங்கள் மகனுக்கு வயது 14, கூடைப்பந்து என்றால் உயிர், ஆனால் உயரம் போதாது என்று பள்ளி அணியில் எடுக்கவில்லை, குள்ளமான யாராவது இந்த ஆட்டத்தைத் தொழிலாகவே ஆடி நிலைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறார். மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவரைவிடக் குள்ளமானவர் ஆடியதில்லை. 889 ஆட்டம் ஆடினார்.

எனக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். பள்ளியில் என்னையும் "கேரம் போர்டு பக்கம் போ" என்று அனுப்பியிருக்கிறார்கள், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

போக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "உயரம் இல்லாமலேயே ஜெயித்த அதிசயம்" என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவர் உயரம்தான் அவர் கையில் இருந்த கருவி. யோசித்துப் பாருங்கள், பந்து தரையில் பட்டுத்தானே எழும்ப வேண்டும்? ஆறரை அடி ஆள் டிரிபிள் செய்யும்போது, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும்போது, பந்து இடுப்புவரை வந்து போகும், அந்த இடைவெளி முழுவதும் போக்ஸின் கைக்கு எட்டும் இடம். அவர் டிரிபிள் செய்தாலோ பந்து எதிராளியின் முழங்காலுக்குக் கீழேயே ஓடும், அதைப் பறிக்க வேண்டுமென்றால் அந்த ஆள் முதுகை வளைத்துக் குனிய வேண்டும், அவர் குனிவதற்குள் இவர் தாண்டிப் போயிருப்பார். பால்டிமோர் நகரின் லஃபாயெட் கோர்ட்ஸ் குடியிருப்பில் சிறுவனாக ஆடியபோதே, வழிப்பறி (ஆங்கிலத்தில் "மக்கிங்") செய்வதுபோல பந்தைப் பிடுங்குகிறான் என்றுதான் "மக்ஸி" என்ற பட்டப்பெயர் வந்தது. இயற்பெயர் டைரோன்.

அந்த இளமைக்காலம் லேசானதல்ல. 5 வயதில் தெருவில் யாரோ சுட்ட குண்டுச் சிதறல்கள் உடம்பில் பட்டன, 12 வயதில் அப்பா சிறைக்குப் போனார். ஆனால் அவருக்கு ஒரு நல்ல பள்ளி அணி கிடைத்தது. டன்பார் உயர்நிலைப் பள்ளி அணி இரண்டு சீசன்களில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அந்த ஒரே பள்ளியிலிருந்து போக்ஸ், ரெஜி வில்லியம்ஸ், ரெஜி லூயிஸ் என்று மூன்று பேர், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1987 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள்! அதற்கு முந்தைய வருடம் ஸ்பெயினில் உலகச் சாம்பியன்ஷிப் வென்ற அமெரிக்க அணியிலும் போக்ஸ் இருந்தார்.

டிராஃப்டில் 12-வது ஆளாக அவரை எடுத்தது வாஷிங்டன் புல்லட்ஸ். அதே அணியில் 7 அடி 7 அங்குல மனூட் போல் இருந்தார், இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுப்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். ஒரே சீசனில், புதிதாக வந்த அணிகள் வேறு அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் டிராஃப்டில், வாஷிங்டன் அவரைக் கைவிட்டுவிட்டது. அப்படிப் புதிதாக வந்த சார்லட் ஹார்னெட்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கேதான் அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1989-90 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 10.7 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போடும்படி கொடுக்கும் பாஸ்), அந்த அணிக்காக மொத்தம் 5,557. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: பந்தை ஒரு முறை பறிகொடுப்பதற்குள் நான்குக்கும் மேற்பட்ட அசிஸ்ட் கொடுத்துவிடுவார், அதுவும் ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, தன் ஆட்டக்காலம் முழுக்க. பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆடியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று.

1990 ஏப்ரலில் 7 அடி உயர ஆட்டக்காரர் பேட்ரிக் யூவிங்கின் ஷாட்டை பிளாக் செய்ததையும் (தடுத்ததையும்) பலர் மாயம்போலச் சொல்வார்கள். யூவிங் எறிவதற்காகப் பந்தைக் கீழே இறக்கி எடுத்தார், கீழே போக்ஸ் காத்திருந்தார், அவ்வளவுதான்.

சரி, சங்கடமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிரணியின் உயரமான கார்டு ஆட்டக்காரர்கள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று தலைக்கு மேலாக எறிந்தால் அவரால் தடுக்க முடியாது, எதிரணிகள் அதைத் தெரிந்தே செய்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 1995-96-ல் 6 ஆட்டம்தான் ஆடினார். அப்புறம் கோல்டன் ஸ்டேட், டொரான்டோ என்று போய் 2001-ல் அவர் ஆட்டம் முடிந்தது. பிறகு பெண்கள் அணியான சார்லட் ஸ்டிங்குக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

உங்கள் மகன் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவாரா என்று என்னால் சொல்ல முடியாது. அணியில் எடுக்காத இந்த வருடத்தில் அவர் இடது கையால் டிரிபிள் பழகட்டும், பந்து முழங்காலுக்கு மேல் எழாமல், கண் பந்தைப் பார்க்காமல், தினமும் அரை மணி நேரம். அடுத்த வருடத் தேர்வில் எறிந்து காட்டச் சொன்னால் எறியட்டும், ஆனால் அதற்கு முன்பு, "உங்கள் உயரமான பையன் பந்தைக் கொண்டு வரட்டும், நான் தடுத்துக் காட்டுகிறேன்" என்று அவரே கேட்கட்டும்.