குறில் ஒரு குறையா?

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. சின்ன விஷயத்துக்கும் மனைவி வாடிப்போகிறாள், கொஞ்சம் குரலை உயர்த்தினால் அன்று முழுவதும் பேச்சே கிடையாது. தாம்பத்திய மகிழ்ச்சியை ஒரு ஜீன்தான் தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருப்பதாகப் படித்தேன். அவளுக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? ஜாதகத்துக்குப் பதில் ஜீன் பொருத்தம் பார்க்கும் காலம் வருமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: டெஸ்ட், பொருத்தம் எல்லாம் அப்புறம். "குறை" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நீங்கள் படித்தது 2013-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாகத்தான் இருக்கும். மூளையில் செரட்டோனின் என்றொரு ரசாயனம் இருக்கிறது, அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போக ஒரு புரதம் இருக்கிறது, அந்தப் புரதத்துக்கான மரபணுவின் வாசலில் ஒரு துண்டு சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு நாற்பத்துச் சொச்சம் டி.என்.ஏ. எழுத்துகள் குறைவாகவும் இருக்கிறது. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. விஞ்ஞானிகள் குட்டை, நெட்டை என்று பெயர் வைத்தார்கள். நம்மிடம் அதைவிட நல்ல பெயர் இருக்கிறது: குறில், நெடில். "கல்" என்பதில் ஒரு மாத்திரை குறைவு, "கால்" என்பதில் கூடுதல். அதற்காகக் கல்லைக் குறையுள்ள கால் என்று எந்தத் தமிழாசிரியராவது சொல்லியிருக்கிறாரா? இரண்டும் வேறு வேறு பொருள் தரும் முழுச் சொற்கள். ஜப்பானியர்களில் பாதிக்கு மேல் இரட்டைக் குறில்காரர்கள், அதாவது இரண்டு துண்டும் குட்டை. ஒரு தேசத்தில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

சரி, அந்த ஆய்வில் என்ன செய்தார்கள்? 1989-லிருந்து 150-க்கும் மேற்பட்ட தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்கார வைத்து, உடம்பில் நாடித்துடிப்பு பார்க்கும் கருவிகளை மாட்டி, உங்களுக்குள் தீராமல் கிடக்கும் ஒரு சண்டையைப் பற்றி 15 நிமிடம் பேசுங்கள் என்று விட்டுவிடுவார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். உதடு சுழிப்பது, கண்ணை உருட்டுவது, நடுவில் ஒருவர் சிரித்துவிடுவது எல்லாவற்றையும் பிறகு ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக் குறித்தார்கள். பின்னாளில் அவர்களில் 125 பேருடைய மரபணுவையும் பார்த்தார்கள். சுமார் 17 சதவீதம் பேருக்கு இரட்டைக் குறில். பேச்சில் கோபமும் இளக்காரமும் மிகுந்திருந்தால் இவர்களுடைய மண திருப்தி வருடங்கள் போகப்போகச் சரிந்தது. அதே பேச்சில் சிரிப்பும் பிரியமும் இருந்தால் ஏறியது. நெடில் உள்ளவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆக, அந்த ஜீன் எதையும் தீர்மானிக்கவில்லை. வீட்டில் அடிக்கிற வெயிலும் பெய்கிற மழையும் ஒருவர் மேல் எவ்வளவு படும் என்பதைத்தான் அது கொஞ்சம் கூட்டிக் குறைத்தது. வெயிலை உண்டாக்குவது நீங்கள் இருவர்.

என் பெரியம்மா வீட்டில் இரண்டு பெண்கள். பெரியப்பா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படி என்று தெரிந்துவிடும். பலமாக விழுந்தால் மூத்தவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும், சாப்பிடவே மாட்டாள். இளையவள் அதே சத்தத்தில் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போவாள். மூத்தவளை டாக்டரிடம் காட்டினார்கள், கோயிலில் மந்திரித்தார்கள். செருப்பைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

இதனால்தான் "தொட்டாற்சிணுங்கி" என்ற சொல்லோடு இந்தப் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். வாடுகிற மனைவிக்கு அந்தப் பெயர். தட்டை விட்டெறிகிற கணவனுக்கோ "கோபக்காரர்தான், ஆனால் மனசு தங்கம்". போன தடவை இதை எழுதியபோது வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டித்தான். பரவாயில்லை, திரும்பவும் எழுதுகிறேன்.

அப்புறம், ஏன் "அவளுக்கு" மட்டும் டெஸ்ட்? 2008-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் வாசோப்ரெஸின் என்ற ஹார்மோனை மூளையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவை ஆராய்ந்தார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இரண்டு பிரதியாக இருந்தவர்களில் 34 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் மணமுறிவு வரை போன நெருக்கடியைச் சந்தித்திருந்தார்கள். அது அறவே இல்லாதவர்களில் 15 சதவீதம். இந்தத் தொடர்பு ஆண்களிடம்தான் தெரிந்தது, பெண்களிடம் இல்லை. மரபணுவைக் காரணம் காட்டியே தீர்வது என்றால், முதலில் உங்கள் எச்சிலைக் கொடுங்கள்.

ஆனால் கொடுக்க வேண்டாம், பணம் வீண். அந்தக் குறில்-நெடில் துண்டு 2003-ல் மனச்சோர்வுக்குக் காரணம் என்று புகழ்பெற்றது. 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அமெரிக்கப் புல்வெளிகளில் ஜோடி பிரியாமல் வாழும் வோல் என்ற எலி ஒன்று உண்டு. அதன் பாசத்துக்கு ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பிதான் ஆதாரம் என்று பல காலம் எழுதினார்கள். 2023-ல் அந்த ஏற்பியின் மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் அப்போதும் ஜோடி சேர்ந்தன, குட்டிகளை வளர்த்தன. ஓர் எலியின் பாசமே ஒரு ஜீனுக்குள் அடங்கவில்லை. உங்கள் மனைவியின் மௌனத்துக்கு ஒற்றை ஜீனைத் தேடுகிறீர்கள்.

ஜீன் பொருத்தம் என்று கேட்டதற்கு மட்டும் ஆமாம் என்பேன், வேறு காரணத்துக்காக. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. சொந்தக்காரர்கள் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிற இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு அந்த நோய் வர. சைப்ரஸில் கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்கள். ரஜ்ஜுவும் வேதையும் பார்க்க ஜோசியரிடம் மணிக்கணக்காக உட்காருகிறவர்கள் இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலை நேரம் ஒதுக்க வேண்டும். இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அவர் வாடியது இருக்கிறது, பேசாமல் இருந்தது இருக்கிறது, நீங்கள் படித்த ஆய்வு இருக்கிறது. குரலை உயர்த்தி என்ன சொன்னீர்கள் என்பது எங்கேயும் இல்லையே?