பந்தயம் நடக்கும் மாநிலத்தில் பிளேஆஃப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஒஹாயோவில், கொலம்பஸில் இருக்கிறோம். மகன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2024 டிசம்பரில் டென்னசி பல்கலைக்கழகத்துடன் இங்கே நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்துக்கு அவனோடு போயிருந்தேன். எங்கள் வரிசையில் இருந்த பையன்களில் பாதிப் பேர் ஆட்டத்தைவிட போனைத்தான் அதிகம் பார்த்தார்கள். எல்லாம் பெட்டிங் ஆப். 2018 வரை விளையாட்டுப் பந்தயம் நடக்கும் மாநிலங்களில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தன் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை நடத்தவே விடாது என்று அலுவலக நண்பர் சொன்னார். அந்தத் தடையை எடுத்தது தவறு என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

வாசகர், கொலம்பஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் பார்த்த ஆட்டத்தை அந்தத் தடை தொட்டிருக்காது. பெரிய கல்லூரிகளின் ஃபுட்பால் பிளேஆஃபை நடத்துவது என்சிஏஏ இல்லை, தனி அமைப்பு. தடை முழு வீச்சில் இருந்த காலத்திலேயே, 1992 முதல், பந்தயத்துக்குப் பேர்போன லாஸ் வேகஸில் கல்லூரி அணிகள் சீசன் முடிவில் வரும் பௌல் ஆட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தன. கூடைப்பந்திலும் அப்படித்தான். பல கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) தங்கள் போட்டியை அங்கே கொண்டுபோய் நடத்தின. அங்கே ஜெயித்த அணியை என்சிஏஏ மார்ச்சில் நடக்கும் தன் தேசியப் போட்டியில் சேர்த்துக்கொள்ளும். அதே ஊரில் தன் ஆட்டம் ஒன்றைக்கூட வைக்காது.

எனக்கு இந்தத் தடையின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அது யாரை அடித்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 2009-ல் டெலவேர் மாநிலம் பந்தயத்தை அனுமதிக்கச் சட்டம் போட்டதும், டெலவேர் பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் பிளேஆஃப் ஆட முடியுமா என்ற கேள்வி வந்தது. அடுத்த நிலை ஃபுட்பாலான எஃப்சிஎஸ்ஸில் பிளேஆஃபை நடத்துவது என்சிஏஏதான். சீசன் முழுக்க நன்றாக ஆடிய அணிக்குக் கிடைக்கும் கூலியே சொந்த ஊர் ஆட்டம். டிக்கெட் வருமானம், பயணச் செலவு மிச்சம், சொந்தக் கூட்டத்தின் சத்தம், எல்லாம் அதில் அடக்கம். சட்டசபை ஒரு சட்டம் போட்டதற்காக இருபது வயதுப் பையன்கள் அதை இழக்க வேண்டுமா? நல்லவேளை, தனி ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதை நீதிமன்றம் நிறுத்தியது. தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்கள் மூன்றையாவது சேர்த்துக் கட்டும் பார்லே மட்டும்தான் மிஞ்சியது. தனி ஆட்டப் பந்தயம் இல்லாததால் என்சிஏஏ தடையும் டெலவேர் மேல் பாயவில்லை. 2010 டிசம்பரில் டெலவேர் தன் மைதானத்திலேயே பிளேஆஃப் ஆடி இறுதிப் போட்டி வரை போனது.

நியூ ஜெர்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பந்தயத்தை அனுமதிக்கச் சட்டம் போட்டதற்காக 2012 அக்டோபரில் அந்த மாநிலத்திலிருந்து ஐந்து சாம்பியன்ஷிப் நிகழ்ச்சிகளை என்சிஏஏ பிடுங்கியது. டிரெண்டனில் நடக்க இருந்த பெண்கள் கூடைப்பந்து ரீஜனல் (தேசியப் போட்டியின் மண்டலச் சுற்று) அதில் ஒன்று. மற்றவை சிறிய கல்லூரிகளின் பெண்கள் லக்ராஸ், ஆண்கள் வாலிபால், டைவிங். அட்லாண்டிக் சிட்டி கசினோவில் உட்கார்ந்து மூன்றாம் டிவிஷன் வாலிபால் மேல் பணம் கட்டுகிற ஆள் எவனாவது இருந்தால் அவனுக்கு வைத்தியம்தான் தேவை. இன்னொரு வேடிக்கை, அப்போது நியூ ஜெர்சியில் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டப்பட்டிருக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தது. முதல் பந்தயம் 2018 ஜூனில்தான் வந்தது.

அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருந்தது. ஆட்டம் ஓர் ஊரில் நடக்கும், அதன் மேல் பணம் வேறோர் ஊரில் கட்டப்படும். 1951-ல் வெடித்த நியூயார்க் சிட்டி காலேஜ் ஊழலில், கூடைப்பந்து வீரர்கள் காசு வாங்கிக்கொண்டு ஆடிய ஆட்டங்கள் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தன. அந்த ஊரில் கூடைப்பந்துப் பந்தயம் சட்டப்படி கிடையாது. எல்லாம் புக்கிகள் வேலை. 1994-ல் அரிசோனா ஸ்டேட் கூடைப்பந்து வீரர்கள் காசுக்காகப் புள்ளிகளைக் குறைத்து ஆடினார்கள். பணம் இறங்கியது லாஸ் வேகஸில். ஏதோ சரியில்லை என்று முதலில் மோப்பம் பிடித்ததும் அங்கிருந்த சட்டப்பூர்வ பந்தயக் கடைகள்தான். 2023-ல் பந்தய விவகாரத்தில் அலபாமா பல்கலைக்கழகப் பேஸ்பால் பயிற்சியாளரின் வேலை போன கதை இன்னும் நல்ல உதாரணம். அணி அலபாமாவைச் சேர்ந்தது, அங்கே விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதியே இல்லை. ஆட்டம் லூசியானாவில். பந்தயம் வைக்கப்பட்டது உங்கள் ஒஹாயோவில், சின்சினாட்டி பேஸ்பால் மைதானத்தின் பந்தயக் கடையில். இதில் எந்த மாநிலத்துக்கு ஆட்டத்தை மறுத்து என்ன பயன்?

2018 மே 14-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்ற 1992-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. சில நாட்களிலேயே என்சிஏஏ தன் தடையை நிறுத்தி வைத்தது, அடுத்த ஆண்டு நிரந்தரமாக எடுத்துவிட்டது. மனம் மாறியதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான். இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் நடக்கிறது. அந்தத் தடை இருந்தால் போட்டி வைக்க ஊர் தேட வேண்டியிருக்கும். நீங்கள் போன அந்த முதல் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆட்டங்களில் மூன்று இந்தியானா, பென்சில்வேனியா, ஒஹாயோவில் நடந்தன, மூன்றிலும் பந்தயம் சட்டப்பூர்வம். டெக்சஸ் மட்டும்தான் விதிவிலக்கு. லாஸ் வேகஸுக்கு 2023-ல் ஆண்கள் கூடைப்பந்து ரீஜனல் கிடைத்தது, 2028-ல் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோரும் அங்கேதான்.

சரி, அப்படியானால் உங்கள் கவலை வீணா? இல்லை. உங்கள் மாநிலத்திலேயே டேட்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. மார்ச் போட்டியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ஸ்ட் ஃபோர் ஆட்டங்கள் வருஷாவருஷம் அந்தப் பல்கலைக்கழக அரங்கில்தான் நடக்கின்றன. ஒஹாயோவில் பந்தயம் தொடங்கியது 2023 ஜனவரி 1. அந்த மாதமே டேட்டன் பயிற்சியாளர் ஆன்டனி கிராண்ட் செய்தியாளர்கள் முன்னால் மனம் நொந்து பேசினார். பணம் தோற்றவர்கள் அவருடைய வீரர்களுக்கு அசிங்கமான செய்திகளை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பழைய விதிப்படி ஃபர்ஸ்ட் ஃபோரை டேட்டனிடமிருந்து பிடுங்கியிருக்கலாம். அரங்கின் ஊழியர்களும் ஊர் ஓட்டல்காரர்களும் நஷ்டப்பட்டிருப்பார்கள். அந்தப் பையன்களின் போனுக்கு வருவது மட்டும் நின்றிருக்காது.

பலன் தந்தது வேறு. வீரர்களை மிரட்டுகிறவர்களைப் பந்தயத்திலிருந்தே ஒதுக்கி வைக்க 2023-ல் ஒஹாயோ சட்டம் செய்தது. 2024-ல், என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் கேட்டுக்கொண்டபடி, கல்லூரி வீரரின் தனிப்பட்ட ஆட்டத்தின் மேல் கட்டும் ப்ராப் பந்தயத்தை நிறுத்தியது. இவன் எத்தனை ரீபவுண்ட் எடுப்பான், அவன் எத்தனை பாயிண்ட் போடுவான் என்கிற வகை. அணி தோற்றால் கோபம் பத்துப் பேர் மேல் சிதறும், ப்ராப் தோற்றால் ஒரே பையன் மேல் இறங்கும். காசு வாங்கிக்கொண்டு கெடுப்பதற்கும் இதுதான் சுலபம், ஒருவனைப் பிடித்தால் போதும்.

என்சிஏஏ மேல் எனக்குள்ள கோபம் இங்கேதான். தடையை எடுத்தது சரி, கைமாறாக எதுவும் கேட்காமல் எடுத்ததுதான் தப்பு. ஆட்டத்தை நடத்தும் உரிமைக்கு எவ்வளவு வலு உண்டு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2016-ல், திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்திய வட கரோலினாவின் கழிப்பறைச் சட்டத்துக்காக அங்கிருந்து ஏழு நிகழ்ச்சிகளை எடுத்தார்கள்; அடுத்த மார்ச்சிலேயே மாநிலம் இறங்கிவந்து சட்டத்தை மாற்றியது. 2018-லும் அதே வலுவோடு, "பந்தயம் நடத்துங்கள், கல்லூரிப் பையன்கள் மேல் ப்ராப் மட்டும் வேண்டாம், அப்போதுதான் ரீஜனல் தருவோம்" என்று சொல்லியிருக்கலாம். அப்போது விட்டுவிட்டு, ஆறு ஆண்டு கழித்து ஒவ்வொரு மாநிலமாகப் போய்க் கெஞ்சினார்கள். கல்லூரிகளும் லேசுப்பட்டவை அல்ல. லூசியானா ஸ்டேட்டும் மிஷிகன் ஸ்டேட்டும் சீசர்ஸ் பந்தய நிறுவனத்தோடு ஒப்பந்தமே போட்டன, எதிர்ப்பு வந்த பிறகுதான் கைவிட்டன.

எந்தத் தடைக்காகக் குரல் கொடுப்பது என்று நீங்கள் யோசித்தால், நியூ ஜெர்சியைப் பாருங்கள் என்பேன். ஆட்டங்களை இழந்த அதே மாநிலம், பந்தயத்தைத் திறந்தபோதும் தன் மாநிலக் கல்லூரி அணிகள் மேல் யாரும் கட்டக் கூடாது என்று எழுதிவைத்தது. 2021-ல் அதை நீக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றார்கள். அடுத்த மார்ச்சில் ஜெர்சி சிட்டியின் குட்டிக் கல்லூரி செயின்ட் பீட்டர்ஸ் கென்டக்கியையும் பர்டியூவையும் வீழ்த்திக் கடைசி எட்டுக்குப் போனது. அமெரிக்கா முழுக்க அவர்கள் மேல் பணம் கட்டினார்கள், சொந்த ஊரில் மட்டும் சட்டப்படி முடியாது. உங்கள் சட்டசபை உறுப்பினரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். அப்புறம், ஒஹாயோவில் பந்தயம் கட்ட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் வரிசையில் இருந்த பையன்கள் யாருடைய கணக்கில் கட்டினார்கள் என்று மகனிடம் விசாரித்துப் பாருங்கள்.