டொராண்டோவுக்கு எப்போது போன் போடலாம்?

கேள்வி: மகள் குடும்பத்தோடு டொராண்டோவுக்குக் குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. அக்டோபரில் பேரனுக்குப் பிறந்தநாள். காலை எட்டு மணிக்கே ஆசையாகக் கூப்பிட்டேன். “அம்மாச்சி, பிறந்தநாள் நாளைக்குத்தானே!” என்றான். இப்போது மணிக்கணக்கே மாறிவிட்டது என்கிறாள் மகள். எப்போதுதான் கூப்பிடுவது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பேரன் சொன்னது சரிதான் அம்மா. நமக்குக் காலை எட்டு மணியானபோது அங்கே முந்தைய நாள் இரவு எட்டு. பிறந்தநாளோ தீபாவளியோ, அதே தேதியில் நாம் இரவுச் சாப்பாட்டை முடித்தபிறகு ஒன்பது மணிவாக்கில் கூப்பிடுங்கள். அங்கே அன்றைக்குக் காலை. பள்ளி நாள் என்றால் கிளம்புகிற அவசரம் இருக்கும், இரண்டு நிமிடம் வாழ்த்திவிட்டு மிச்சத்தைச் சனி, ஞாயிறில் பேசுங்கள்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் டொராண்டோவுக்கும் சரியாக 12 மணி நேரம். அந்த மாதங்களில் உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமே போதும், முள் அங்கேயும் அதே இடத்தில்தான் நிற்கும். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதால் 13 ஆகிவிடும். மகள் சொன்னது இதைத்தான்.

என் தங்கை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள், பதினாறு வருடமாகிறது. டிசம்பரில் நான் வேலைக்குக் கிளம்புமுன் காலை ஐந்தே முக்காலுக்குக் கூப்பிடுவேன். அடுப்பில் காப்பி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கின் நடைபாதை விளக்குகள். அவளோ, “மணி நாலே முக்கால்தான் அக்கா, அதுக்குள்ள இருட்டிடுச்சு” என்பாள். அவளுக்கு அந்தி, எனக்கு விடியல், இரண்டு ஜன்னலிலும் ஒரே இருட்டு.

நமக்கு ஏழு மணிவரை விடியாததற்கும் காரணம் உண்டு. சூரியக் கணக்கில் சிங்கப்பூர் லண்டனின் கிரீன்விச்சுக்குச் சுமார் ஏழு மணி நேரம்தான் முன்னால். ஆனால் மலேசியா தீபகற்பத்தின் நேரத்தைக் கிழக்கே போர்னியோ தீவிலுள்ள தன் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கியபோது நாமும் சேர்ந்துகொண்டோம். அதுவரை ஏழரை மணி நேரம் முன்னால் இருந்த கடிகாரத்தை 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு அரை மணி முன்னே தள்ளி எட்டு மணி நேரம் ஆக்கினார்கள். அப்பா நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. (உலகத்தை நேர மண்டலங்களாகப் பிரிக்கலாம் என்று 1879இல் கனடா ரயில்வே பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் எடுத்துச் சொன்னது டொராண்டோவில்தான்.)

நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும். அங்கே ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகளைத் தூங்கவைப்பதே பெரும்பாடு. குளிர்காலத்தில் என் தங்கையின் குரலே இறங்கிவிடும். அப்போது அவளுக்குத் தெம்பு தருவது பக்கத்துத் தமிழ்க் கடை. “வாங்கோ” என்று கூப்பிடும் யாழ்ப்பாணத்து அம்மாவோடு பேசிப் பேசி, இவளும் இப்போது என்னிடம் “சொல்லுங்கோ அக்கா” என்கிறாள். சிங்கப்பூர்த் தேக்காவில் வளர்ந்த வாயில் அது வருவது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. உங்கள் பேரனும் ஒருநாள் அப்படிப் பேசுவான், ரசியுங்கள்.

ஜனவரியில் கூப்பிடும்போது போனை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள் அம்மா. பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.