ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

வணக்கம் சார்,

என் மகன் எட்டாவது படிக்கிறான். கொஞ்சம் திக்கிப் பேசுவான். வகுப்பில் நாலைந்து பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்களாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு வலிக்கிறது என்கிறான். டீச்சரிடம் சொன்னால், "பசங்க விளையாட்டும்மா" என்கிறார். என் கணவர், "திருப்பி அடிடா" என்கிறார். வளர்ந்தால் சரியாகிவிடுமா?

க.

அன்புள்ள க.,

அந்த வயிற்றுவலி பொய்யில்லை. முதலில் அதை நம்புங்கள். பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும்.

தானாகச் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளியில் யாரும் தட்டிக் கேட்காத பையன் கல்லூரி விடுதியில் சீனியர் ஆகிறான், அப்புறம் அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னால் ஒருவரைக் கூனிக்குறுக வைக்கும் மேலாளர் ஆகிறான். எல்லோரும் அப்படி ஆவதில்லைதான். ஆனால் யாரைச் சீண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கை அவன் பெரியவர்களிடம்தான் கற்றான். திக்கிப் பேசுபவரை வைத்து நம் சினிமா எத்தனை வருடம் சிரிக்க வைத்தது! கல்யாண வீட்டில் மாமாக்கள் பேசிக் காட்டுவதில்லையா?

நாங்குநேரியில் அந்தக் கணக்கு சாதி. ஒரு தலித் மாணவன், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்டில் ஒரு இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைக்கூடத் தடை செய்யச் சொன்னது. பையன்கள் தெருவின் பலத்தைக் கையில் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள் என்பதுதான் விஷயம். உங்கள் மகன் நிலைமை அதுவல்ல. ஆனாலும் சொன்னவனைக் காப்பாற்றுவது பள்ளியின் பொறுப்பு என்பது இரண்டுக்கும் பொது.

"விளையாட்டு" என்ற வார்த்தைக்குப் பதில் நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1996இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. கல்லூரி விடுதிகளை மனதில் வைத்து வந்ததுதான். ஆனால் அது கேலி செய்வதையும் விளையாட்டாகச் சீண்டுவதையும் ராகிங் என்றே சொல்கிறது. புகார் வந்தும் சும்மா இருக்கும் நிறுவனத் தலைவரை உடந்தையாகக் கருதுகிறது.

அதனால் டீச்சரிடம் வாயால் சொன்னது போதாது. தலைமையாசிரியருக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். புகாருக்குப் பின் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அங்கேயே கேளுங்கள். கணவரிடம் சொல்லுங்கள்: திருப்பி அடிக்க முடியாத பையனுக்கு அந்தப் பேச்சு இன்னொரு தோல்வி.

என் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருந்தான். நான் பேசிக் காட்டியதில்லை. ஆனால் சிரித்தேன். அவன் பாதி வருடத்தில் பள்ளியை விட்டு நின்றுபோனது இன்றும் என்னை அறுக்கிறது.

உங்கள் மகன் வகுப்பில் சிரிக்காத பையன் ஒருவனாவது இருப்பான். அவன் யார் என்று கேளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.