எட்டு மாதக் குழந்தை இரவில் அடிக்கடி எழுந்து அழுகிறது. பகல் தூக்கத்தைக் குறைத்தால் சரியாகுமா?

தயவுசெய்து குறைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர்கள் "பகல்ல தூங்கவிட்டா ராத்திரி எப்படித் தூங்கும்?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

எட்டு மாதத்தில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆனால் இது பகலும் இரவும் சேர்ந்த கணக்கு. அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பிறந்து மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்று நான்கு வயதில் 10 முதல் 13.

என் மகனுக்கு இந்த வயது இருக்கும்போது கணவரின் அத்தை வந்து தங்கியிருந்தார். மதியம் குழந்தை கண்ணைக் கசக்கும், காதைப் பிடித்து இழுக்கும். "விளையாடட்டும் விடு, ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்" என்பார். நாலு மணிக்குச் சிணுங்கல் தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் வில்லாக வளைந்து அழுவான். கண்ணு பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பிள்ளைக்கு வேண்டியது தூக்கம்! இரவில் முன்பைவிட அதிகமாக எழுந்தான். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை எளிதில் தூங்காது.

அத்தையிடம் நேராகவே சொல்லிவிட்டேன். காலையில் ஒரு தூக்கம், மதியம் சாப்பிட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு தூக்கம், சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு கிடையாது, எட்டு மணிக்கு விளக்கணைப்பு. எழுந்து உட்காரப் பழகிவிட்டதால் தூளியை விட்டுத் தரையில் பாய் போட்டோம். சில நாளிலேயே மாலை அழுகை போயிற்று. பாலுக்கு ஒருமுறை எழுந்தான், அது இந்த வயதில் சகஜம். குழந்தைகளின் தூக்கச் சுற்று நம்முடையதைவிடச் சின்னது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் இடையிடையே புரளுவார்கள், முனகுவார்கள். உடனே தூக்கிவிடாமல் ஒரு நிமிடம் பாருங்கள்.

பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூங்கவைக்க எனக்குக் கற்றுத்தந்ததே அந்த அத்தைதான். நான் டாக்டரும் இல்லை. 12 மணி நேரம் மட்டும் தூங்கிச் சிரித்து விளையாடும் குழந்தைக்கு ஒன்றும் குறையில்லை. குறட்டையோ, மூச்சில் திணறலோ, காய்ச்சலோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு இப்போது ஆற்றாமை எல்லாம் பள்ளிக்கூடத்தின் மேல்தான். மகன் எல்.கே.ஜி. போகிறான். வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும் என்பதால் ஆறேகாலுக்கே எழுப்ப வேண்டும். ஒன்பதுக்குத் தூங்கினாலும் இரவில் ஒன்பதேகால் மணி நேரம்தான் ஆகிறது. மீதியை மதியம் தூங்கலாம் என்றால் மூன்று மணி வரை வகுப்பு. வேனிலேயே தலை தொங்கி வருகிறான், பையில் எழுத்துப் பயிற்சி வேறு. எங்கள் தெரு அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் படுக்கவைக்கிறார்கள். இவ்வளவு ஃபீஸ் வாங்குகிற இடத்தில் அது முடியாதா? பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு "பழகிடுவாங்க மேடம்" என்றார்கள். மூன்றரை வயதுப் பிள்ளை எதற்காகத் தூங்காமல் இருக்கப் பழக வேண்டும்? அடுத்த கூட்டத்திலும் இதையே கேட்கப்போகிறேன்.