கோத்தகிரி வீட்டுக் கணினியைக் கோவையிலிருந்து திறக்க முடியவில்லையா?

கேள்வி: கோத்தகிரியில் அப்பா இருக்கும் வீட்டில் 4ஜி சிம் போட்ட ரூட்டர். தேயிலைக் கணக்கெல்லாம் அங்குள்ள கணினியில்தான். ரிமோட் டெஸ்க்டாப் வீட்டு வைஃபையில் நன்றாக வருகிறது, கோவைக்கு வந்தால் இணைவதில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் செய்து பார்த்தாயிற்று. ஊட்டியில் ஒருவர் ‘ஸ்டேடிக் ஐபி சிம்’ (மாறாத இணைய முகவரி உள்ள சிம்) தருகிறேன், பணம் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வீட்டுக்குள் வேலை செய்கிறது என்றால் கணினியில் கோளாறு இல்லை, தடை பெரும்பாலும் சிம் கம்பெனி பக்கம்தான். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதால், மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். எஸ்டேட் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மொத்தமாக ஒரே தபால் பெட்டி, வந்த கடிதத்தில் பெயர் இல்லை என்றால் என்ன ஆகும், அதுதான் உங்கள் இணைப்புக்கும் ஆகிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி (WAN IP, சிம் கம்பெனி ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) என்று இருப்பதைப் பாருங்கள். அது 10-ல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, போர்ட் ஃபார்வர்டிங்கில் எத்தனை நாள் மல்லுக்கட்டினாலும் பலன் இல்லை. கஸ்டமர் கேரில் இதைக் கேட்டால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். காசு வாங்கும் கம்பெனி இந்த ஒரு வரியை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

புதிய முகவரி வகையான ஐபிவி6 இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அதில் பங்கு போடும் தேவை இல்லை. ஆனால் கோவையில் நீங்கள் பிடிக்கும் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், வீட்டு ரூட்டரில் வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டும், அதெல்லாம் செய்த பிறகும் வெளியிலிருந்து வருவதை நிறுவனமே மறித்திருந்தால் ஒன்றும் நடக்காது, அலுவலக வைஃபையில் ஐபிவி6 இல்லாவிட்டால் அன்றைக்கும் நடக்காது. உங்களுக்கு இது வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கணினியிலும், கணினிகளைத் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போட்டு ஒரே கணக்கில் நுழையுங்கள், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். வீட்டுக் கணினியே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. அது தரும் முகவரியும் 100-ல்தான் தொடங்கும், குழம்பாமல் அதையே ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுங்கள். அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரூட்டரில் திறந்துவைத்த 3389 போர்ட்டை மறக்காமல் மூடுங்கள். அந்த எண்ணைத் தேடிக் கடவுச்சொல் போட்டுப் பார்க்கிற திருட்டு நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

அந்த ஊட்டிக்காரர் விஷயம். பொது முகவரி தருவதாக நிறுவனமே எழுத்தில் கொடுத்தால் ஒழிய யாருக்கும் பணம் தராதீர்கள். அதைவிட மோசம், ‘நானே செட் பண்ணித் தருகிறேன்’ என்று வந்து, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் செயலியைப் போட்டு, நிரந்தரக் கடவுச்சொல்லைத் தன் கையில் வைத்துக்கொண்டு போவது. அப்பாவின் வங்கிக் கணக்கும் அதே கணினியில் இருக்கும், யோசித்துப் பாருங்கள். எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. போனில் யார் எனிடெஸ்க் காட்டும் எண்ணைக் கேட்டாலும் அப்பா சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கணினி தூங்கிவிட்டால் எதுவும் இணையாது, ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். ஆடி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போய்வரும் ஊர், அதனால் கரண்ட் வந்ததும் கணினி தானே எழும் வசதி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) இருந்தால் அதைப் போட்டுவைத்து, ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.